மாப்பிள்ளை தடவிப் பார்த்த ஷூ

அந்த ஷூவின் விலை நாற்பத்தெட்டாயிரத்து ஐநூறு. ஒரு காலுக்கா, ரெண்டு காலுக்கும் சேர்த்தா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் மாப்பிள்ளை நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

தங்கை கல்யாணத்துக்கு அப்போது பதினாறு நாள் இருந்தது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை கட்டும் பட்டு வேட்டியில் ஒரு பிரச்சினையும் வராது. வில்லங்கமெல்லாம் சாயங்கால வரவேற்பில்தான். கோட்டு சூட்டும் ஷூவும் பெண் வீட்டுச் செலவு. பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளையைக் கூட்டிப் போய் எடுத்துத் தரவேண்டும். காட்டூரில் மோட்டார் பம்புசெட் கடை வைத்து, வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ரப்பர் செருப்பில் திரியும் என்னை நம்பி இந்த வேலையை ஒப்படைத்தது என் குடும்பம்.

அவினாசி ரோட்டு மாலில் சூட்டு எடுத்து முடித்தோம். ஷூவுக்காக எதிரில் இருந்த கடைக்குள் நுழைந்தோம். பலகையில் வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயர். உள்ளே மொத்தமே இருபது ஷூ இருந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குக்கூட அப்படி விளக்கு கிடையாது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளை ஒரு பழுப்பு ஷூவைக் கையில் எடுத்துவிட்டார்.

எடுத்தவர் கீழே வைக்கவில்லை. விளக்குக்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். திருப்பினார், மறுபடி தடவினார். ஒரு முழு நிமிஷம் தடவியிருப்பார். விலைச் சீட்டு என் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது.

“புடிச்சிருக்குதுங்களா மாப்பிள்ளை?”

“நல்ல தோலுங்க மச்சான்.”

“போட்டுப் பாருங்க.”

“அய்யோ, வேண்டாங்க.”

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு ஒறம்பரை வந்து உட்கார்ந்தால் காபி குடிக்கிறீங்களா என்று கேட்போம். வேண்டாங்க என்பார்கள். அது பதில் இல்லை, கும்பிடு மாதிரி ஒன்று. இரண்டாவது தடவை கேட்டாலும் வேண்டாங்கதான். அதற்குள் பால் அடுப்பில் ஏறியிருக்கும். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால்தான் நிஜமாகவே வயிறு சரியில்லை போல என்று விட்டுவிடுவோம். ஆகவே நான் மரியாதைப்படி இரண்டாவது தடவையும் சொன்னேன். அவரும் மரியாதைப்படி இரண்டாவது வேண்டாங்கவைச் சொன்னார். மூன்றாவதற்கு வாயைத் திறப்பதற்குள் விற்பனையாளர் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கரண்டி மாதிரியான சாமானால் அவர் காலை உள்ளே தள்ளிவிட்டார்.

“எப்படிங்க இருக்குது?”

“நல்லாருக்குதுங்க.” நாலு அடி நடந்தார். முகத்தில் ஏதோ ஓர் உறுதி தெரிந்தது. ஆசையை அடக்கிக்கொள்கிறார் மனுஷன் என்று நினைத்தேன்.

“அப்ப இதையே எடுத்துக்கலாங்களா?”

“உங்களுக்குப் புடிச்சிருந்தாச் சரிங்க மச்சான்.”

“போடறது நீங்க. எனக்கென்னங்க?”

“குடுக்கறது நீங்கதானுங்களே.”

இப்படி ஆளுக்கு ஆள் வழி விட்டுக்கொண்டே நேராகக் கல்லாவில் போய் நின்றோம். கார்டைத் தேய்த்தபோது மெஷினே முதல் தடவை ஏற்க மறுத்தது. அந்த மெஷினுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. ஏழு நாளைக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுப்பணமும் தருவோம், ஆனால் அடித்தோலில் ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது என்று கல்லாவில் இருந்தவர் சொன்னார். அன்றைக்கு ஞாயிறு. அடுத்த ஞாயிறு வரை கெடு. கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் உடுப்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் என்பதால் பெட்டி என்னோடு வந்தது.

வீட்டில் தங்கை பில்லைப் பார்த்தாள். அவள் கணக்கு டீச்சர். எண்களைப் பார்த்து முகம் மாறுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றைக்கு மாறியது.

“அண்ணா, இது அவரு கேட்டாரா, நீயாக் குடுத்தியா?”

“கேக்கல கண்ணு.”

“அப்பறம்?”

“தடவினாரு.”

“தடவினாருன்னா?”

பெட்டியைத் திறந்து அவர் தடவிய மாதிரியே தடவிக் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் தூக்கலாகத் தடவிவிட்டேனோ என்று பயந்து நிறுத்தினேன். அதற்குள் என் நடிப்பு வேலையைக் காட்டிவிட்டது.

“நிச்சயத்தன்னைக்கு அவியப்பா என்ன சொன்னாரு? ஒண்ணும் வேண்டாம், பொண்ணு வந்தாப் போதும்னு சொன்னாருல்ல. என்ற கூட வேலை பாக்கறாளே, அவ வீட்டுக்காரனும் அப்படித்தான் சொன்னான். கல்யாணத்துக்கு முன்னால ஒரு வாட்ச்ச நல்லாருக்குதுன்னு கையில எடுத்துப் பாத்தானாம். கேக்கவே இல்ல. அடுத்த வருசம் வண்டி. அதுக்கடுத்தது காரு. எதையுமே அவன் வாய் திறந்து கேக்கலியாம். எடுத்து எடுத்துப் பாத்தானாம்.”

“உன்ற மாப்பிள்ளை மாட்டு டாக்டரு அம்மணி. நல்ல மனுசன்.”

“இருக்கட்டும். எனக்கு அது ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரியணும். இல்லாட்டி நானே போன் போட்டு வேண்டான்னு சொல்லிப்போடுவேன்.”

“செருப்பையா?”

“கல்யாணத்த.”

சிரிப்பாள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். சிரிக்கவில்லை. நீயே அவரிடம் கேட்டுவிடேன் என்றேன். “நான் கேட்டா மரியாதைக்கு என்னமோ சொல்லுவாரு. நீ கேட்டாலும் மரியாதைக்கு என்னமோ சொல்லுவாரு. எனக்கு மரியாதை வேண்டாம். அவருக்கு அது வேணுமா, வேண்டாமா, அது போதும்.”

திங்கட்கிழமை பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போனேன். விலைக்குத் தகுந்த சரக்குதான் என்று தெரிந்தால் அவளைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று ஒரு கணக்கு. பம்புசெட் தொழிலில் சரக்கின் யோக்கியதையைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான், தூக்கிப் பார்ப்பது. கனமாக இருந்தால் காப்பர் உண்டு, லேசாக இருந்தால் ஏமாற்று. காப்பர் கம்பி நிறுக்கிற தராசில் ஷூவை வைத்தேன். இரண்டும் சேர்ந்து எண்ணூற்று அறுபது கிராம். அதே எடைக்குக் காப்பர் ஆயிரம் ரூபாய் சொச்சம் வரும். ஷூவுக்குக் கொடுத்த காசுக்கு நான் ஆழ்குழாய் மோட்டார் ஒன்றே தருவேன், அது முந்நூறு அடியிலிருந்து தண்ணீரைத் தூக்கும். இந்த ஷூ மாப்பிள்ளையை ஒன்றேகால் அங்குலம் தூக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவன், வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து, அதை நானே போட்டுப் பார்த்தேன். தரையில் நின்றால் அடித்தோல் கீறிவிடும் என்பதால் கட்டில் மேல் ஏறி மெத்தையில் நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. கால் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெத்தையில் இப்படியும் அப்படியும் நாலு நடை நடந்தேன். நாற்பத்தெட்டாயிரம் ஒன்றும் அதிகமில்லையோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்போது கதவருகே மனைவி நின்றிருந்தாள்.

“ஏனுங்க, கீழ எறங்குங்க.”

“எறங்கினாக் கீறல் விழுந்துரும்.”

“அப்ப அங்கேயே இருங்க. சோத்தை அங்க கொண்டாரட்டுங்களா?”

கால் மணி நேரம் கழித்து அவளே கழற்றிவிட்டாள். பொழுது சாய்ந்து எல்லாரும் கூடி உட்கார்ந்தபோது இந்தக் கதையைச் சொன்னாள். தங்கை அதற்கும் சிரிக்கவில்லை. “உனக்கே அப்படி இருந்துதுன்னா அவருக்கு எப்படி இருந்திருக்கும்?” என்றாள். போட்டுப் பார்த்து நான் வழக்கை இன்னும் கெடுத்திருந்தேன்.

புதன்கிழமை கோட்டைமேட்டுக்குப் போனேன். எங்கள் கடைக்குப் பம்பு வாஷருக்கான தோல் கொடுக்கிற பாய் ஒருவர் அங்கே இருக்கிறார். தோலைத் தொட்டே அது எந்த மிருகம், முதுகா வயிறா என்று சொல்லிவிடுவார். பெட்டியைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டினார், கையைத் துடைத்தார், மேசையிலிருந்து ஊசியை எடுத்தார்.

“பாய், குத்திப்போடாதீங்க. ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுக்கற மாதிரி இருக்கும்.”

“குத்தாமச் சரக்கு எப்படிங்க மொதலாளி பாக்கறது? பொண்ணு பாக்கறதா இது, தூர உக்காந்து பாத்துட்டுப் போறதுக்கு?” ஊசியை வைத்துவிட்டு ஷூவை வளைத்தார். என் முதுகெலும்பும் கூட வளைந்தது. பிறகு முகர்ந்தார், உள்ளே கையை விட்டார். “சரக்கு மொதல் தரம். கண்ணுக்குட்டித் தோலு. தெனமும் போட்டாலும் பத்துப் பதினஞ்சு வருசம் வரும். அடித்தோலு மட்டும் மாத்திக்கணும்.”

“அப்ப இந்த வெலை தகுங்களா?”

“தெனமும் போடறவனுக்குப் பாதி வெலை தகும். மீதி அந்தப் பேருக்கு. மாப்பிள்ளை தெனமும் போடுவாரா?”

“அவரு மாட்டு டாக்டருங்க. தெனமும் சாணிக்குள்ள ரப்பர் கம்பூட்டுதான்.”

“அப்ப ஒரு நாள் கூத்து.” விரல்கள் இன்னும் உள்ளேயே இருந்தன. சுண்டுவிரல் பக்கம் போய் நின்றன. “எத்தனை தரம் போட்டாரு?”

“கடையில ஒரு தடவை. நாலு அடி.”

“நாலு அடிக்கே இங்க உள்தோலு பிதுங்கி நிக்குது. அகலக் கால் அவருக்கு. இது சன்ன அச்சு. உசுரு போயிருக்குமே, ஒண்ணும் சொல்லலியா?”

“நல்லாருக்குதுன்னாரு.”

பாய் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கிட்டீங்க போங்க.”

மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பி வரும்போது சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. கடிக்கிற ஷூவை நல்லாருக்குது என்று சொல்பவன் இரண்டே வகை. ஒன்று, எதிரில் நிற்பவன் மனம் நோகக்கூடாது என்று பொறுத்துக்கொள்கிறவன். இன்னொன்று, வலித்தாலும் பரவாயில்லை, விலை உயர்ந்த பொருள் கைக்கு வரட்டும் என்கிறவன். தங்கையிடம் சொன்னேன். “ரெண்டாவதா இருந்தா?” என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போக வேண்டியதை அவள் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். அச்சடித்த பத்திரிகைக் கட்டு பிரிக்காமலே மேசை மேல் கிடந்தது. வீட்டில் எல்லாரும் அதைச் சுற்றி நடந்தோம்.

சனிக்கிழமை காலை பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு சத்தியமங்கலம் கிளம்பினேன். அன்னூர் தாண்டும் வரை என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். புளியம்பட்டி தாண்டியபோது எல்லாம் மறந்துவிட்டது. அவர் வேலை பார்க்கும் கால்நடை மருந்தகத்துக்குப் போனால், பக்கத்துத் தோட்டத்தில் கன்று ஈன முடியாமல் ஒரு மாடு கிடக்கிறது, அங்கே போயிருக்கிறார் என்றார்கள். போனேன். பெட்டியைக் காரில் விட மனசில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு சாணிக்குள் இறங்கினேன்.

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு நின்றிருந்தார். வலது கை தோள் வரைக்கும் மாட்டுக்குள் இருந்தது. தோட்டத்துக்கார அம்மா மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“வாங்க மச்சான்,” என்றார் மாப்பிள்ளை, திரும்பாமலே. “கண்ணுக்கு ஒரு கால் மடங்கிக் கெடக்குது. அந்தப் பொட்டிய எங்கயாச்சும் வெச்சுப்போட்டு வால இழுத்துப் புடிங்க.”

பெட்டியை வைக்கோல் போரின் மேல் வைத்துவிட்டு வாலைப் பிடித்தேன்.

“அப்படி இல்ல. இறுக்கி. ஒரு பக்கமா.”

ஷூக் கடையில் என்னிடம் அத்தனை மென்மையாகப் பேசிய மனுஷன் இப்போது உத்தரவு போட்டார். மாடு ஒரு தடவை முக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எதையோ தேடினார். நெற்றி வேர்வை மூக்கு வழியாக ஒழுகியது. “டாக்டரே, தாய் பொழைக்குமுங்களா?” என்று அந்த அம்மா கேட்டார். “இப்பச் சொல்ல முடியாது. கண்ணு உசுரோட இருக்குது. சும்மா இருங்க,” என்றார்.

சட்டென்று எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மனுஷனுக்கு இப்போது மரியாதை பார்க்க நேரம் இல்லை. இதை விட்டால் எனக்கு வேறு நேரம் கிடைக்காது. அந்த நிலைமையில் கேட்கிற கேள்வியா அது என்று நீங்கள் கேட்கலாம். வாலைப் பிடித்திருந்த எனக்கும் அது தோன்றியது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“மாப்பிள்ளை, அந்த ஷூ உங்களுக்கு வேணுங்களா?”

“வேண்டாம். கடிக்குது.” அடுத்த மூச்சிலேயே, “கால் வந்துருச்சு. கவுத்தக் குடுங்க,” என்றார்.

தோட்டத்துக்கார அம்மா கயிற்றை நீட்டினார். அதை உள்ளே கொண்டுபோய் மாட்டினார். மூன்று பேரும் இழுத்தோம். முதல் இழுப்பில் ஒன்றும் அசையவில்லை. இரண்டாவதில் இரண்டு குளம்பும் மூக்கும் தெரிந்தன. மூன்றாவதில் ஈரமாக, கனமாக ஒரு கன்று என் காலடியில் வந்து விழுந்தது, நான் அதற்குப் பக்கத்தில் விழுந்தேன். மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேரில் கன்றைத்தான் முதலில் பார்த்தார். அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலை எடுத்து விலாவில் தேய்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது தும்மியது.

தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தோம். இப்போது அவருக்கு மரியாதை திரும்பி வந்துவிட்டிருந்தது, முகம் சிவந்திருந்தது. “தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். எதோ வேகத்துல அப்படிச் சொல்லிப்போட்டேன்.”

“அதைத்தாங்க கேக்க வந்தேன். அப்பறம் எதுக்குங்க அன்னைக்கு அத்தனை நேரம் தடவினீங்க?”

அவர் வைக்கோல் போர் மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். “அதுல ஒரு உண்ணி கடிச்ச தடம்கூட இல்லீங்க. முள்ளு கீறினது, கொம்பு பட்டது, ஒண்ணுமே இல்ல. நான் பாக்கற மாட்டுல உள்ளங்கை அளவுத் தோலு அப்படி இருக்காது. இதை எந்த ஊர்ல எப்படி வளர்த்தாங்கன்னுதான் பாத்துட்டு நின்னேன். நிமிந்தா நீங்க அதையே பாத்துட்டு இருந்தீங்க. உங்களுக்கு வாங்கிக் குடுக்கோணும்னு ஆசை போல, வேண்டாம்னா மனசு நோகுமேன்னு கம்முனு இருந்துட்டேன். எங்கம்மா வேற ஒரு வாரமாத் திட்டுது. ‘செருப்புக்கே இத்தனை போடறவிய ஊட்டுப் பொண்ணு, நம்ம ஊட்டுல எப்படி இருக்கும், நல்லா யோசிச்சுக்க’ன்னு.”

அங்கேயும் ஒரு வாரமாக யாரோ அடுப்படியில் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தது விலைச் சீட்டை. அதை ஆசை என்று எடுத்துக்கொண்ட ஒரே மனுஷன் இவர். இவர் பார்த்தது உண்ணிக் கடியை. அதை ஆசை என்று எடுத்துக்கொண்ட புத்திசாலி நான்.

அங்கிருந்தே தங்கைக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். உண்ணிக்கு வந்ததும் இடையிலேயே என்னை நிறுத்தினாள்.

“அவரு பக்கத்துல இருக்காரா? குடு,” என்றாள்.

மாப்பிள்ளை இரண்டு கைகளையும் காட்டினார். முழங்கைக்கு மேல் வரை மாடு அப்பியிருந்தது. “கையக் கழுவிட்டு வாரேனுங்க,” என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

“மெதுவாக் கழுவச் சொல்லு,” என்றாள் அவள். “நான் இருக்கேன்.”

அவர் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். அதுவரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவர் போனை வாங்கிக்கொண்டு தென்னை மரங்களுக்குள் நடந்தார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கன்று எழுந்து நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான், தங்கை, மாப்பிள்ளை மூன்று பேரும் மாலுக்குப் போனோம். கல்லாவில் இருந்தவர் ஷூவைத் திருப்பி அடித்தோலை விளக்கில் பார்த்தார். கீறல் இல்லை. உள்ளே ஒரு வைக்கோல் துரும்பு இருந்தது, எடுத்துக் கீழே போட்டுவிட்டு எதற்காகத் திருப்புகிறீர்கள் என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் “கடிக்குதுங்க” என்றோம். பணம் திரும்பியது. அன்றைக்கு மெத்தை மேல் அது என் காலுக்கு எப்படி ஒத்துப்போனது என்பதை நான் அங்கே சொல்லவில்லை. தினமும் போடுகிற ஆளுக்கு, அச்சு ஒத்துவருகிற காலுக்கு, அது தகும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் கால் எங்கள் மாப்பிள்ளையுடையது இல்லை. என்னுடையதாக இருக்கலாம், ஆனால் என் கல்யாணம் முடிந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

அங்கிருந்து கிராஸ்கட் ரோட்டில் ஒரு சாதாரணக் கடைக்குப் போனோம். தங்கை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், அவர் போட்டு நடந்தார்.

“இது?”

“சுண்டுவெரல்ல புடிக்குது.”

“இது?”

“குதியில லூசு.”

“இது நல்லாருக்குதே.”

“உங்களுக்கு நல்லாருக்குது. எனக்கு வேண்டாம்.”

ஆறு ஜோடியை அவர் வேண்டாம் என்றார். கடைக்காரர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. என் தங்கை ஏழாவதை எடுக்க எழுந்தபோது, அந்த வாரத்தில் முதல் தடவையாக, என்னைப் பார்த்துச் சிரித்தாள். பத்திரிகைக் கட்டை நாளைக்குப் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். “இன்னைக்கே பிரிச்சிரலாம் அண்ணா,” என்றாள்.